நாமக்கல்லில் எட்டுக் கையெழுத்து

எங்கள் தெருவில் துபாய்க்குப் போனவர்களைக்கூட இத்தனை பேர் வந்து வழியனுப்பியதில்லை. நான் போனது நாமக்கல்லுக்கு.

வேதாரண்யத்தில் பிறந்தவளுக்கு நாமக்கல்லும் வெளிநாடு மாதிரிதான். கடல் கிடையாது, உப்புக்காற்று கிடையாது, மீன்காரியின் குரல் கேட்டுக் கண்விழிக்க முடியாது. கல்லூரி வளாகத் தேர்வில் ஒரு கோழித்தீவனக் கம்பெனி என்னைப் பட்டதாரிப் பயிற்சியாளராக எடுத்திருந்தது. எங்கள் கல்லூரியிலிருந்து எடுத்தது என்னை மட்டும்தான். அம்மா இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பயிற்சிக்கு எடுத்தது எட்டுப் பேரை, வேலை ஐந்து பேருக்குத்தான் என்ற விஷயத்தை நான் அவளிடம் சொல்லவேயில்லை. அதனால் பஸ் ஏறும்போது எல்லோரும் வாழ்த்த, நான் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றேன்.

அதற்கு முன்பே சென்னையில் மூன்று மாதம் வகுப்பு முடிந்திருந்தது. மிச்சமிருந்தது இந்த ஒரு வாரம். பண்ணைகளுக்கு நேரில் போக வேண்டும். சனிக்கிழமை சேலத்து அலுவலகத்தில் மதிப்பீடு. அங்கே ஐந்து பேர் தேறுவார்கள், மூன்று பேர் ஊருக்குத் திரும்புவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். பண்ணைக்கு ஒன்றாக எட்டு வரி, வரிக்கு ஆறு கட்டம். பண்ணையின் பெயர், கோழிகளின் வயது, நேற்று இட்ட முட்டை, தின்ற தீவனம், பார்வையிட்ட இடம், கடைசியில் உரிமையாளர் கையெழுத்து. ஷெட்டுக்குள் போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும். புதன்கிழமை எல்லோருக்கும் தீவன மில்லில் வேலை. ஆக நான்கு நாளில் எட்டுப் பண்ணை, நாளுக்கு இரண்டு. கணக்கு சுலபமாகத்தான் தெரிந்தது.

தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டில் மூன்று வேளையும் முட்டை. அவித்தது, பொரித்தது, குழம்பில் மிதந்தது. என் அறைத்தோழி கோகிலா வாழப்பாடிக்காரி. அவளும் எட்டுப் பேரில் ஒருத்தி. அப்பாவும் அம்மாவும் மரவள்ளிக்கிழங்குக் காட்டில் கூலி வேலை. எனக்குப் போட்டிக்காரி என்று அவளைப் பார்த்துப் பயப்பட வேண்டியவள்தான் நான், ஆனால் அவள் சாப்பிடுகிற அழகைப் பார்த்தால் பயம் வராது. என் தட்டில் இருந்த முட்டையையும் எடுத்துக்கொண்டாள்.

"எத்தினி நேரந்தான் முட்டையப் பாத்துக்கினே இருப்ப? நாளைக்கு நெசமாவே கோழியத்தான் பாக்கப் போற, அப்பப் பாத்துக்க."

திங்கட்கிழமை காலையில் மோகனூர் ரோட்டில் முதல் பண்ணை. ஒரு ஷெட்டின் நீளம் எங்கள் தெருவின் நீளம் இருக்கும். கம்பிக்கூண்டுக்குள் கோழிகள் மூன்றடுக்காக உட்கார்ந்திருந்தன. நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை தலையும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. வளாக நேர்முகத் தேர்வில்கூட இவ்வளவு கண்கள் என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்து கிடைத்தது. வெளியே வந்து அரச மரத்தடியில் ஒரு கடையில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டை வடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், காரச்சட்னி. வேதாரண்யத்தில் இதைச் சொன்னால் வடைக்குள் பொரியலா என்று கேட்பார்கள். எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக இரண்டாவது பண்ணைக்குப் போனேன்.

அங்கே கேட்டிலேயே ஒருவர் நிறுத்தினார்.

"ஏனுங்க, காலையில வேற பண்ணைக்கு ஏதாச்சும் போனீங்களா?"

"ஆமாங்க, மோகனூர் ரோட்டுல ஒண்ணு" என்றேன் பெருமையாக.

"அப்ப நாளைக்கு வாங்க."

கேட் மூடிக்கொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் கோகிலாதான் விளக்கினாள். ஒரு பண்ணைக்குள் போய் வந்தவரை அதே நாளில் இன்னொரு பண்ணைக்காரர் உள்ளே விட மாட்டார். செருப்பில், துணியில், பையில் நோய் ஒட்டிக்கொண்டு வரும். இங்கே அது எழுதாத சட்டம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரரைத் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி, பண்ணைக்கு வந்தவரை இந்தக் கேள்வி கேட்பார்கள். வந்தவர் சொல்வதை அப்படியே நம்புவார்கள்.

"அப்புறம் எப்பிடி எட்டு முடிக்கிறது?"

"யாரு முடிக்கிறாங்க? ஒண்ணு உள்ள போறது, இன்னொண்ணு ஓனர டீக்கடையில புடிச்சுக் கையெழுத்து வாங்குறது. உள்ள போனேன்னு எழுதிக்கினா யாரு வந்து பாக்கப் போறா?"

பண்ணையையே பார்க்காத யாரோ சென்னையில் உட்கார்ந்து நாளுக்கு இரண்டு என்று போட்டிருக்கிறார். எனக்கு இந்த ஊரில் டீக்கடையில் பிடிக்கிற அளவுக்கு எந்த ஓனரையும் தெரியாது. ஒன்று பின்தங்கியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சீக்கிரமே கிளம்பி, ராசிபுரம் வழியாகத் தம்மம்பட்டி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நாமகிரிப்பேட்டை தாண்டி இறங்க வேண்டும். எங்கள் ஊரில் தரை கடல் வரைக்கும் தட்டையாகவே போகும். இங்கே சமவெளியில் போய்க்கொண்டிருக்கும்போதே யாரோ வைத்துவிட்டு மறந்த மாதிரி ஒரு மலை வந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் காலியாக இருந்தது. கண்டக்டர் என் தோளருகே கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்மம்பட்டிங்க. எறங்குங்க."

கீழே இறங்கி அழாத குறையாக நின்றேன். பக்கத்தில் வாழைத்தாருடன் நின்ற இரண்டு பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "புருசனோட சண்டை போட்டுட்டு வந்திருக்கும் போல" என்றாள் என் காதில் விழும்படியாகவே. பரவாயில்லை, அது இதைவிடச் சின்னப் பிரச்சனையாகத்தான் இருந்திருக்கும்.

திரும்புகிற பஸ் கிடைத்து நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பண்ணைக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். பண்ணைக்காரர் அறுபது வயதுப் பெரியவர். தண்ணீர் கொடுத்தார், ஷெட்டைக் காட்டினார்.

"ரெண்டு நாளா மந்தமாக் கெடக்குதுங்க சாமி. வெயிலு பாருங்க."

கோழிகள் சில கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருந்தன. நேற்று பார்த்த கோழிகள் என்னைத் திரும்பிப் பார்த்தன, இவை பார்க்கவில்லை. அது எனக்கு உறைத்தது. உறைத்தும், அட்டையில் வயது, முட்டை, தீவனம் என்று எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினேன். வெயில் என்று அவரே சொல்கிறார், எனக்கென்ன தெரியும்.

வெளியே வந்து மணி பார்த்தேன். இரண்டு நாள் முடியப் போகிறது, இரண்டே கையெழுத்து. அடுத்த ஊரில் ஒரு பண்ணை பஸ் வழியிலேயே இருந்தது. நாலு மணிக்கு அதன் கேட்டில் நின்றேன்.

வந்து திறந்தது பூங்கொடி அக்கா. நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. பண்ணை அவர் பொறுப்பு.

"ஊட்டுக்காரரு ரிக் வண்டியோட ஆந்திராவுல போர்வெல் போட்டுக்கிட்டிருக்காருங்க. கையெழுத்துன்னாலும் நானுதான், கணக்குன்னாலும் நானுதான்" என்று சிரித்துவிட்டு, கேட்டைப் பாதி திறந்தபடி கேட்டார்: "இன்னைக்கு வேற பண்ணைக்குப் போனீங்களா அம்மிணி?"

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யோசிக்கவேயில்லை.

"இல்லைங்க."

அவர் கேட்டை முழுசாகத் திறந்தார். மருந்துத் தண்ணீர்த் தட்டில் செருப்போடு காலை நனைத்துவிட்டு உள்ளே போனேன். மூன்று ஷெட். மூன்றாவதில் என் பையைத் தீவன மூட்டை மேல் வைத்துவிட்டு எழுதினேன். கிளம்பும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். கொத்தமல்லியும் பெருங்காயமும் போட்ட மோர். குடித்தேன்.

புதன்கிழமை தீவன மில். கம்பெனியே பூட்ஸும் மேலங்கியும் கொடுத்தது. மக்காச்சோளத் தூசியில் எட்டுப் பேரும் தும்மிக்கொண்டே படித்தோம். மற்றவர்களின் அட்டையில் நான்கு நான்கு கையெழுத்து இருந்தது. என்னுடையதில் மூன்று. அன்றைக்கு அதுதான் என் கவலை. எவ்வளவு நிம்மதியான கவலை என்று எனக்கு அப்போது தெரியாது.

வியாழக்கிழமை காலை இட்லிக்கு உட்கார்ந்திருந்தோம். கோகிலா மில் டிரைவர் ஒருவரோடு போனில் பேசிவிட்டு வந்தாள்.

"ஏண்டி, நீ செவ்வாக்கெழம எந்தப் பக்கம் போன?"

"நாமகிரிப்பேட்டைப் பக்கம். ஏன்?"

"அங்க ஒரு பெரியவர் பண்ணையில வெள்ளைக் கழிச்சலாம். கோழி கொத்துக் கொத்தாச் சாவுதாம். லோடு எறக்கப் போவாதீங்கன்னு சொல்லிட்டாங்க."

பெரியவரின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். அதே பெரியவர்தான். அங்கிருந்து நேராகப் பூங்கொடி அக்காவின் பண்ணைக்கு என் செருப்போடு, என் பையோடு போனவள் நான்தான்.

"நீ கொண்டு போனதா இருக்கும்னு என்னா நிச்சயம்? காக்கா கொண்டு போவும், காத்து கொண்டு போவும்" என்றாள் கோகிலா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் ரெண்டே நாளு. சனிக்கெழம முடிஞ்சதும் போய்ச் சொல்லு" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னாள்.

அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். சொன்னால் கம்பெனிக்குத் தெரியும். பொய் சொல்லிப் பண்ணைக்குள் போன பயிற்சியாளரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? அம்மா தெருவில் எப்படி நடப்பாள்? இதையெல்லாம் நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் வகுப்பில் படித்தது நினைவில் இருந்தது. நோய் தெரிவதற்கு முன்னால் தடுப்பு மருந்து கொடுத்தால் ஓரளவு காப்பாற்றலாம், தெரிந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. ரெண்டு நாள் என்பது எனக்குத்தான் ரெண்டு நாள். கோழிகளுக்கு அது வேறு.

செவ்வாய்க்கிழமை போட்ட செருப்பையும் பையையும் குப்பையில் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, கோகிலாவின் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் அளவு பெரியது. நடந்தால் பின்னால் டக் டக்கென்று அடித்தது. இந்த முறை தூங்கவில்லை. பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பேர் முட்டை விலை இறங்கப் போகிறதா ஏறப் போகிறதா என்று பேசிக்கொண்டே வந்தார்கள். முட்டை என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பண்ணைக்கு இருபதடி தள்ளியே நின்று கூப்பிட்டேன். பூங்கொடி அக்கா வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அங்கயே நின்னுட்டீங்க? வாங்க உள்ள."

"நான் உள்ள வரக்கூடாதுக்கா. செவ்வாக்கிழமை நான் பொய் சொன்னேன். அதுக்கு முன்னாடி இன்னொரு பண்ணைக்குள்ள போயிட்டுத்தான் இங்க வந்தேன். அந்தப் பண்ணையில இப்ப வெள்ளைக் கழிச்சல்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் போய்விட்டது.

"எந்த ஷெட்டுக்குள்ள போனீங்க?"

"மூணுலயும்."

"எதைத் தொட்டீங்க?"

"மூணாவது ஷெட்டுல தீவன மூட்டை மேல பை வச்சேன். தொட்டியத் தொட்டேன்."

போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். தடுப்பு மருந்து கலந்த தண்ணீரைக் கோழிகள் தாகத்தோடு குடிக்கட்டும் என்று, இப்போதைக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்லி உள்ளே ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். எவ்வளவு மருந்து, எப்போது வரும் என்று கேட்டு, இப்பவே வாங்க என்றார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அப்போது கத்தினார்.

"கேட்டனா இல்லையா? வாயத் தொறந்து கேட்டனா இல்லையா? ஒரு கையெழுத்துக்கா அம்மிணி? எங்கூட்டுக்காரரு ராப்பகலா மண்ணுக்குள்ள ஓட்டை போட்டு வச்சதுங்க இது. நீங்க மோரையும் குடிச்சுட்டுப் போனீங்க!"

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் பரிதாபப்பட வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

"அந்த அட்டையக் குடுங்க."

கேட் வரைக்கும் போய், அதற்கு மேலாக நீட்டினேன். தன் கையெழுத்தின் மேல் இரண்டு கோடு அழுத்திக் கிழித்தார். அட்டை ஓட்டையாகிவிட்டது. கேட்டுக்கு வெளியே வீசினார். எடுத்துக்கொண்டேன்.

"போங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க."

வளைவில் திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் ஓர் ஆள் சுண்ணாம்புத்தூள் தூவிக்கொண்டிருந்தார். கால் வைத்த இடம் எல்லாம் வெள்ளையாக, கேட்டிலிருந்து ரோடு வரைக்கும். சாவு வீட்டில்கூட நான் அவ்வளவு தனிமையை உணர்ந்ததில்லை.

வெள்ளிக்கிழமை நான் எந்தப் பண்ணைக்கும் போகவில்லை. போகக் கூடாது என்று எனக்கே தெரிந்தது. விடுதியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கூப்பிட்டாள். சாப்பாடு எப்படி என்று கேட்டாள். முட்டை என்றேன். நல்லது, உடம்பு தேறும் என்றாள்.

சனிக்கிழமை சேலத்தில் டவுன் பஸ் பிடித்துச் சூரமங்கலம் போனோம். ரயில்வே குடியிருப்புகளுக்கு அடுத்த தெருவில் மாடியில் அலுவலகம். ஒவ்வொரு ரயில் போகும்போதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் பற்களும். ஏழு பேர் எட்டு எட்டுக் கையெழுத்தோடு உள்ளே போய் வந்தார்கள். நான் கடைசி. மண்டல மேலாளர் ஐம்பது வயதுக்காரர், இதே பக்கத்து மனிதர். என் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது.

"ரெண்டு கையெழுத்து, ஒரு ஓட்டை. என்னுங்க இது?"

சொன்னேன். ஒன்றும் விடவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நாளுக்கு ரெண்டுங்கற கணக்க நான் போடலீங்க. மேலருந்து வந்தது. நடக்காதுன்னு எனக்குத் தெரியும், நானும் வாயத் தொறக்கல." அட்டையை மேஜையில் வைத்தார். "ஆனா நீங்க சொன்னது பொய். அதுக்கு அஞ்சு பேருல உங்களப் போட முடியாது. ஊருக்கு அனுப்பவும் மனசு வரல. மூணு மாசம் பயிற்சிய நீட்டிக்கறேன், நாமக்கல்லுலயே. அந்தம்மா பண்ணையும் உங்க பகுதிதான். மூணு மாசத்துக்குள்ள அவங்க கையெழுத்து வரணும். வரலைன்னா நானு ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

கோகிலா தேறிவிட்டாள். படிக்கட்டில் என்னைக் கட்டிக்கொண்டு அவள்தான் அழுதாள். அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், ஐந்து பேர் கணக்கையும் சேர்த்து. அவள், "அந்தக் கோழிங்களுக்கு ஒண்ணும் ஆவலையேடி?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதுதான் உண்மை. கேட்கத் துணிவில்லாமல் மூன்று வாரம் போனது. பகலில் மற்றப் பண்ணைகள், நாளுக்கு ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆனால் சுண்ணாம்புப் பாதை கண்ணுக்குள் வந்துவிடும்.

நான்காவது வாரத் திங்கட்கிழமை, வேறு எங்கும் போகாமல் காலை முதல் பஸ்ஸில் அந்தக் கேட்டுக்குப் போய் நின்றேன். உள்ளே காது கொடுத்துக் கேட்டேன். கோழிச் சத்தம் இருந்தது. ஆயிரக்கணக்கில், காது அடைக்கிற சத்தம். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பூங்கொடி அக்கா வந்தார். அதே சட்டை, அதே துண்டு. கேட்டைத் திறக்கவில்லை. முதலில் என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"இன்னைக்கு வேற பண்ணைக்குப் போனீங்களா?"

"இல்லைங்க."

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க."

ஆமாங்க என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, போகவும் மனமில்லாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கணக்கு நோட்டோடு திரும்பி வந்தார். கேட்டின் அந்தப் பக்கமே நின்று, கோழிகளின் வயது, நேற்று இட்ட முட்டை, தின்ற தீவனம் எல்லாம் படித்தார். முட்டை கொஞ்ச நாள் குறைந்து இப்போது ஏறிவிட்டது. கோழி சாகவில்லை. நான் இந்தப் பக்கம் முழங்கால் மேல் புது அட்டையை வைத்து எழுதினேன். பார்வையிட்ட இடம் என்ற கட்டம் வந்தது. மற்ற வரிகளில் எல்லாம் ஷெட் என்று எழுதியிருந்தேன். இதில், கேட்டுக்கு வெளியே நின்று கேட்டு எழுதியது என்று எழுதிக் கம்பி வழியாக நீட்டினேன்.

அவர் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார். கேட் கம்பி மேலேயே அட்டையை வைத்து, அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வாரமும் இங்கதான் நிக்கணும் அம்மிணி."

"நிக்கறேங்க" என்றேன்.